சட்டம் பயிலாதார் சட்டம் தேடும் நெறி

சட்டத்தை அறியாமை ஒருவரை அவர்தம் கடப்பாட்டினின்றும் விடுவிக்காது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் கொள்கையாகும். இக்கொள்கைப்படி நாட்டிலுள்ளார் யாவரும் சட்டமனைத்தையும் அறிந்தவராகவே கொள்ளப்படுவர். உலக வழக்கோ வேறு. காணி விற்பனை, சீதனம், மரபுரிமை, எல்லைத் தகராறு முதலியவற்றில் பெரும்பாலோர் முதியோர் சொல்லையும் அயலார் அனுபவத்தையுமே சட்டமெனக் கொண்டு ஒழுகுகின்றனர். அச்சொல் முன்னொரு காலத்தில் உண்மையாய் இருந்திருக்கலாம். பிறிதொரு குடும்பத்துக்குப் பொருந்தியும் இருக்கலாம். ஆயினும், அது எந்நூலில் எவ்விடத்து உள்ளது, எந்நாள் முதல் எந்நாள் வரை வழங்கியது என வினவின் விடை கூறுவார் சிலரே. சட்டவாராய்ச்சி என்பது இவ்விரு வினாக்களுக்கும் விடை காணும் முயற்சியேயாம். ஆதாரமும் காலமும் காட்டப்படாத சட்டக்கூற்று யார் வாயினின்று வரினும் வெறும் அபிப்பிராயமே என்று தெளிதல் இத்துறையிற் புகுவார்க்கு முதற்பாடமாகும்.

சட்டக் கல்வி பெறாதார் இம்முயற்சியில் இறங்குதல் இயலுமோ என்னும் ஐயம் எழலாம். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. நூற்பாவை அது நிற்கும் இயலும் அதிகாரமும் நோக்கிப் பொருள் கொள்ளல், உரை காணல், முன்னும் பின்னும் வரும் நூற்பாக்களோடு பொருத்திப் பார்த்தல், பாடவேறுபாடு ஆராய்தல் என்பன நம்மவர் நன்கறிந்த பயிற்சிகள். சட்டத்தின் பிரிவு நூற்பாவை ஒத்தது. நீதிமன்றத் தீர்ப்பு உரையை ஒத்தது. ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. உரையாசிரியர் கூற்றை மற்றோர் உரையாசிரியர் மறுத்தல் கூடும். உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்போ அதன் கீழுள்ள நீதிமன்றங்களைப் பிணிக்கும்.

முறையை விளக்குதற்கு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நேரக்கூடிய ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். மணமான பெண்ணொருத்தி தன் சீதனக் காணியை மக்களின் கல்விச் செலவின்பொருட்டு விற்க விரும்புகின்றாள். கணவன் அவளை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின. சீதனம் பெண்ணின் சொத்தாதலின் அவள் விருப்பம்போல் விற்கலாம் என்கின்றார் ஒருவர். கணவன் கையொப்பமின்றி உறுதி முடிக்க இயலாது என்கின்றார் மற்றொருவர். இருவரும் உறுதியாகவே பேசுகின்றனர். இருவரும் நூல் காட்டவில்லை. முன்னவர் சொல்லை நம்பினால் விற்பனை பின்னர் செல்லாததாகலாம். பின்னவர் சொல்லை நம்பினால் மக்களின் படிப்பு தடைப்படலாம்.

இத்தகைய நிலையில் முதற்கண் செய்யத்தக்கது நூலைத் தேடுதலன்று, நிகழ்வுகளை எழுதிக்கொள்ளுதலாம். திருமணம் நடந்த ஆண்டு, சீதன உறுதியின் திகதி, காணி இருக்குமிடம், கணவன் மனைவி இருவர்தம் பூர்வீக வாசம், கணவன் நீங்கிய காலம் என்பன ஒவ்வொன்றாகக் குறிக்கப்படல் வேண்டும். காணி விற்பனை உறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு நிறைவேற்றப்படல் வேண்டுமென 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆதலின் இத்தகைய விவரங்களிற் பல உறுதியிலும் காணிப் பதிவேட்டிலும் எழுத்து வடிவிற் கிடைக்கும், நினைவை நம்பவேண்டுவதில்லை. பின்னர் வினாவைச் சுருங்க அமைத்தல் வேண்டும். ‘பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டா?’ என்பது பரந்த வினா. அதற்கு ஒரு நூல் முழுதும் விடையாகும். ‘தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவன் சம்மதமின்றி விற்கலாமா? அவன் இல்லாதவிடத்து மாற்று வழி யாது?’ என்பது தேடுதற்குரிய வினா.

இரண்டாவதாக, எச்சட்டத் தொகுதி பொருந்தும் என்பதைத் துணிதல் வேண்டும். இலங்கையில் ஒரே சட்டம் எல்லார்க்கும் எல்லாப் பொருளிலும் வழங்குவதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் வழங்கிய சட்டங்கள் தொடர்ந்து நிலவுமென ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆம் திகதிய பிரகடனத்தால் அறிவித்தனர். உரோம ஒல்லாந்தச் சட்டம் பொதுச் சட்டமாக நிலைத்தற்கு இது காரணமாயிற்று. வணிகம் சார்ந்த பல பொருள்களில் ஆங்கிலச் சட்டத்தை 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் புகுத்தியது. இவற்றோடு கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை ஆகியன தத்தமக்குரியாரிடத்து வழங்கலாயின. எனவே பொதுச் சட்டநூல் ஒன்றைத் திறந்து, அங்குக் கண்ட விதியைத் தம் நிலைக்கு ஏற்றிக் கூறுவார் தொடக்கத்திலேயே வழி தவறுவர்.

தேசவழமையின் வரலாறு இங்குச் சிறிது அறியத்தக்கது. ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமொன்ஸ் இட்ட பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் அந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் சமர்ப்பித்தார். அத்தொகுப்புத் தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் அதனை ஏற்றுக் கையொப்பமிட்டனர். ஆங்கிலேயர் காலத்தில் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலுவை உறுதிசெய்தது. தமிழரின் வழக்கம் ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்டு, தமிழிற் பெயர்க்கப்பட்டு, பின் ஆங்கில வடிவில் நீதிமன்றங்களில் ஆளப்பட்டமை நோக்கற்பாலது. சொற்பொருள் பற்றிய வழக்குகள் பல எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

தேசவழமை யாரைக் கட்டுப்படுத்தும்? யாழ்ப்பாண மாகாணத்து ‘மலபார்க் குடிகள்’ என்பது பழைய சட்டத்தின் தொடர். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை அப்பெயராற் சுட்டினர். ‘குடிகள்’ என்னுஞ் சொல்லே பல வழக்குகளுக்கு வித்தாயிற்று. தேசவழமை ஓரினத்தார் அல்லது ஒரு சமயத்தார் அனைவர்க்கும் உரிய வழக்கமன்று, ஒரு குறித்த பிரதேசத்துக் குடிகளுக்குரியது என்னுங் கருத்து 1913 ஆம் ஆண்டின் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் என்னும் வழக்கில் வெளியிடப்பட்டது. ஆகவே தமிழராயிருத்தல் மட்டும் ஒருவரைத் தேசவழமைக்குட்படுத்தாது. அதுபோலவே, தொழிலின்பொருட்டுக் கொழும்பிற் சிலகாலம் வாழ்தல் மட்டும் ஒருவரை அதனின்றும் நீக்கிவிடாது. நிலையான வாசம் எதுவென்பது ஆராயப்படும். திருமணமும் இந்நிலையை மாற்றவல்லது. தேசவழமைக்குட்பட்ட பெண் உட்படாத ஆடவனை மணந்தால், அம்மணம் நிலைத்திருக்குங்காறும் அவள் அதற்குட்பட்டவளாகாள் என்றும், உட்படாத பெண் உட்பட்ட ஆடவனை மணந்தால் அவ்வாறே உட்படுவாள் என்றும் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வகுத்தது. முன்னர்க் கணவன் மனைவி இருவர்தம் வாசத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லியது இதன்பொருட்டே.

மூன்றாவது படி எழுதப்பட்ட சட்டத்தை அணுகுதல். சட்டமொன்று ஆண்டினாலும் இலக்கத்தினாலும் அறியப்படும். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயருடைய திருத்தச் சட்டங்கள் பல இருத்தல் கூடும். பழைய கட்டளைச் சட்டங்களைக் காலந்தோறும் ஒருங்குதிரட்டிய பதிப்புக்களுள் 1956, 1980 ஆம் ஆண்டுகளுக்குரியன மிகுதியும் ஆளப்படுவன. அவற்றில் ஒவ்வொரு சட்டமும் ஓர் அத்தியாய இலக்கம் பெறும். அவ்விலக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறுமாதலின், மேற்கோள் காட்டுவார் எப்பதிப்பு என்பதையும் குறித்தல் வேண்டும்.

சட்டத்தைக் கையிலெடுத்தவர் தமக்கு வேண்டிய பிரிவை மட்டும் தேடிப் படித்து மூடிவிடுதல் பெருந்தவறாகும். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று கூறும் பிரிவு, சொற்பொருள் விளக்கும் பிரிவு, எந்நாளில் நடைமுறைக்கு வரும் என்று கூறும் பிரிவு ஆகிய மூன்றையும் முன்னரே படித்தல் வேண்டும். நம் எடுத்துக்காட்டே இதற்குச் சான்று. 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டத்தைக் காண்பார், மணமான பெண் தன் சொத்தைத் தனித்து நின்று விற்கலாம் என்னும் விதியை அங்கே காண்பர். ‘விற்கலாம்’ என்ற முதியவர் சொல் மெய்யாயிற்று என மகிழ்வர். ஆனால் அதே சட்டத்தின் தொடக்கத்தில், கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்குட்பட்ட வட மாகாணத் தமிழர் ஆகியோர்க்கு அச்சட்டம் பொருந்தாது என விலக்கப்பட்டிருந்தது. விலக்கைப் படியாதார் பிறர்க்குரிய உரிமையைத் தமக்குரியதெனக் கொண்டு காணியை இழப்பர்.

உரிய விதி 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவில் அமைந்தது. மனைவியின் சொத்து அவளுக்கே தனியுடைமையாகும், கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது என்று அப்பிரிவு கூறியது. அசையுஞ் சொத்தை அவள் கணவன் சம்மதமின்றியே கையாளலாம்; அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது பிறர்க்கு மாற்றுதற்கோ அவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; இறுதி விருப்பாவணத்தால் வழங்குதற்கு அச்சம்மதம் வேண்டியதில்லை. இவ்வளவும் படித்தவர், கையொப்பம் வேண்டுமென்ற இரண்டாமவரே வென்றார் எனக் கருதி நூலை மூடுதல் கூடாது. 8 ஆம் பிரிவு தொடர்ந்து வருகின்றது. கணவன் கைவிட்டுச் சென்றவிடத்தும், இருவரும் இசைந்து பிரிந்து வாழுமிடத்தும், அவன் இருக்குமிடம் அறியப்படாதவிடத்தும், நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டவிடத்தும், மனைவி மக்கள் நலன் வேண்டி நிற்குமிடத்தும், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து அவன் சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெறலாம் என அது வழி வகுத்தது. ஊரார் இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருந்தது. அப்பெண்ணுக்கு வேண்டிய விடையோ இருவரும் கூறாத பிரிவில் இருந்தது.

நான்காவது படி காலத்தை ஆராய்தல். அச்சிட்ட தொகுதியிற் கண்ட பிரிவு அத்தொகுதி வெளிவந்த நாளின் சட்டமேயன்றி, அதனைப் படிக்கும் நாளின் சட்டமெனக் கொள்ளத்தக்கதன்று. பின்வந்த திருத்தச் சட்டங்களையும் நீக்கச் சட்டங்களையும் ஆண்டு ஆண்டாக நோக்கி, இன்றுவரை அது எந்நிலையில் உள்ளது என உறுதிசெய்தல் வேண்டும். மேற்கூறிய 6 ஆம், 8 ஆம் பிரிவுகளையும் பயன்படுத்தப் புகுவார் அவ்வாறே செய்தல் வேண்டும். நீக்கப்பட்ட சட்டமும் பயனற்றதாகிவிடாது. ஒரு சட்டம் நீக்கப்படுமுன் அதன்கீழ் உண்டான உரிமைகள், மாறாக வெளிப்படையான ஏற்பாடு இல்லாதவிடத்து, நீக்கத்தால் அழியா என்பது 1901 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பொருள்கோடற் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு தரும் விதியாகும்.

ஒரு சொல்லே காலத்தால் இருபொருள் பெறும் என்பதற்குத் ‘தேடியதேட்டம்’ தக்க சான்று. 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணவாழ்க்கைக் காலத்தில் கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து வாங்கிய சொத்துத் தேடியதேட்டமாம். அது யார் பெயரில் இருப்பினும் இருவர்க்கும் சமமாக உரியது. 1947 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வாண்டு யூலை மாதம் 4 ஆம் திகதி நடைமுறைக்கு வந்து இந்நிலையை மாற்றியது. அதன்படி, வாங்கியவருடைய தனிச் சொத்தினின்று வாராத பெறுமதியைக் கொடுத்து வாங்கியதும், தனிச் சொத்தினின்று மணவாழ்க்கைக் காலத்தில் வரும் இலாபமுமே தேடியதேட்டமாம். அதுவும் தேடிய துணைவர்க்கே உரியது. அவர் இறக்கும்போது விருப்பாவணத்தாலோ வேறுவகையாலோ வழங்கப்படாது எஞ்சியதிற் பாதியே மற்றவரைச் சேரும்.

இதன் விளைவு எளிதன்று. ஒருவர் 1930 இல் தம் பெயரில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கி 1940 இல் இறந்தாராயின், அவர் எழுதிய விருப்பாவணம் யாதாயினும் வீட்டின் பாதி முன்னரே மனைவியுடையது. பிறிதொருவர் 1950 இல் மணமாகித் தம் உழைப்பாற் பின்னர் வாங்கிய வீட்டை விருப்பாவணத்தால் மூன்றாமவர்க்கு எழுதிவைத்து 1960 இல் இறந்தாராயின், தேடியதேட்டமென்னும் பெயரால் மனைவி அதிற் பாதி கோருதல் இயலாது. இரு குடும்பத்தாரும் ‘தேடியதேட்டத்திற் பாதி பெண்ணுக்கு’ என்னும் ஒரே ஊர்ச்சொல்லையே கேட்டிருப்பர். ஒன்றில் அச்சொல் வீட்டைக் காத்தது. மற்றொன்றில் அது வெறும் நம்பிக்கையாயிற்று. திருத்தத்துக்கு முன் வாங்கி அதன் பின் இறந்தோர் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதனை ஆராய்வார் திருத்தச் சட்டத்தின் ஏற்பாடுகளையும் அதன் பின் எழுந்த தீர்ப்புக்களையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும்.

ஐந்தாவது படி அத்தகைய தீர்ப்புக்களைக் காணல். இலங்கைத் தீர்ப்புக்கள் ‘புதிய சட்ட அறிக்கைகள்’ என்னும் தொகுதிகளிலும், 1978 முதல் ‘இலங்கைச் சட்ட அறிக்கைகள்’ என்னும் தொகுதிகளிலும் வெளிவந்தன. மேற்காட்டிய ஸ்பென்சர் வழக்கு ‘16 புதிய சட்ட அறிக்கைகள் 321’ எனக் குறிக்கப்படும். முதல் எண் தொகுதியையும் இறுதி எண் பக்கத்தையும் உணர்த்தும். இக்குறியீட்டை அறிந்தவர்க்கு நூலகத்தில் எத்தீர்ப்பும் எட்டாததன்று.

தீர்ப்பைப் படிக்குங்கால் நான்கு செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, தலைப்பில் உள்ள சுருக்கக் குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது. அது தீர்ப்பின் பகுதியன்று. இரண்டாவது, வழக்கின் முடிவுக்கு இன்றியமையாத நியாயமே பிற்கால நீதிமன்றங்களைப் பிணிக்கும். நீதிபதி இடையிற் கூறிய கருத்து மதிக்கத்தக்கதாயினும் பிணிப்பதன்று. மூன்றாவது, தீர்ப்பளித்த மன்றின் தரமும் நீதிபதிகளின் தொகையும் நோக்கத்தக்கன. 1971 வரை இங்கிலாந்தின் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு சென்றது. இன்றுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின்கீழ் அமைந்தது. ஆதலின் பழைய தொகுதிகளில் ‘உயர் நீதிமன்றம்’ எனக் காண்பது இன்றைய அமைப்போடு முழுதும் ஒவ்வாது. நான்காவது, பின்வந்த தீர்ப்பு முன்னையதை ஏற்றதா, வேறுபடுத்தியதா, தள்ளியதா என்பது தேடப்படல் வேண்டும். தேசவழமை யாரைக் கட்டுப்படுத்தும் என்னும் வினாவையே உயர் நீதிமன்றம் 1988 இல் சிவஞானலிங்கம் எதிர் சுந்தரலிங்கம் என்னும் வழக்கில் மீண்டும் ஆராய்ந்தது. 1913 இல் நின்றுவிடுபவர் அவ்வினாவின் வரலாற்றிற் பாதியையே அறிந்தவராவர்.

சட்டங்களையும் தீர்ப்புக்களையும் நேரே அணுகுதற்கு வழிகாட்டுவன அறிஞர் எழுதிய நூல்கள். முத்துக்கிருஷ்ணா 1862 இல் வெளியிட்ட தேசவழமைப் பதிப்பும், பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா இயற்றிய யாழ்ப்பாணத் தமிழர் சட்டம் பற்றிய நூலும் இத்துறையிற் பெயர்பெற்றவை. இத்தகைய நூல்களிலிருந்து தொடங்குதல் சாலச் சிறந்தது; ஏனெனில், உரிய பிரிவுகளும் வழக்குகளும் எவையென அவை ஒருங்கே காட்டும். ஆயின் அவற்றோடு முடித்தல் தகாது. நூலாசிரியர் கருத்துச் சட்டமாகாது. நூல் வெளிவந்தபின் நேர்ந்த மாற்றத்தை நூல் அறியாது.

மொழி பற்றிய ஒரு குறிப்பும் தமிழ் வாசகர்க்கு இன்றியமையாதது. பழைய கட்டளைச் சட்டங்கள் ஆங்கிலத்தில் இயற்றப்பட்டவை. அவற்றின் தமிழ்ப் பெயர்ப்பு விளங்கிக்கொள்ளற்கு உதவுமேயன்றி, ஐயம் நேர்ந்தவிடத்து இயற்றப்பட்ட மொழியின் வாசகமே மேலோங்கும். பிற்காலச் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் வெளிவருவன. எனினும் அவற்றின் இறுதியில், இரு வாசகங்களுக்கும் இடையே முரண்பாடு நேரின் சிங்கள வாசகமே மேலோங்குமெனக் கூறும் பிரிவு இடம்பெறுதல் வழக்கம். தமிழ் வாசகத்தில் ஒரு சொல்லைப் பற்றி நின்று பெரியதொரு முடிவு கட்டுமுன் மற்றை வாசகத்தோடு ஒப்புநோக்குவித்தல் அறிவுடைமையாகும். சட்டங்களையும் வர்த்தமானிகளையும் பாராளுமன்றமும் அரசாங்க அச்சகத் திணைக்களமும் இணையத்தளங்களில் வெளியிட்டு வருதலின், ஒப்புநோக்கும் பணி முன்னையினும் எளிதாயிற்று. சட்டமூலத்தைச் சட்டமென மயங்காதிருத்தலும் ஈண்டு வேண்டும். பாராளுமன்றம் நிறைவேற்றிச் சபாநாயகர் சான்றுரை பெறாதது சட்டமாகாது.

இவ்வளவும் செய்தவர் சட்டத்தரணியின் உதவியை வேண்டார் என்பது கருத்தன்று. மனு எழுதுதல், சான்று அளித்தல், நீதிமன்ற நடைமுறை ஆகியன பயிற்சி பெற்றார்க்குரியவை. கால எல்லையும் காத்திராது. அசையாச் சொத்தில் பத்தாண்டு எதிருரிமை ஆட்சி பெறும் வலுவை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறியிருத்தலின், ஆராய்ச்சியிலேயே ஆண்டுகளைக் கழிப்பார் ஆராய்ந்த உரிமையையே இழப்பர். பொருள் வசதியற்றோர்க்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஆணைக்குழு உண்டு. ஆயினும் தம் நிகழ்வுகளைத் திகதியோடு வரிசைப்படுத்தி, பொருந்தக்கூடிய பிரிவையும் அதன் பிந்திய நிலையையும் ஓரிரு தீர்ப்புக்களையும் ஒரு தாளிற் குறித்துக்கொண்டு செல்பவர்க்கும், வெறுங்கையோடு செல்பவர்க்கும் பெருவேறுபாடு உண்டு. முன்னவர், தமக்குக் கூறப்படுவது எச்சட்டத்தின்பாற்பட்டது என வினவவும், விடையை விளங்கிக்கொள்ளவும் வல்லவராவர்.

நாம் எடுத்துக்கொண்ட பெண்ணின் நிலையும் அதுவே. சட்டம் முழுவதையும் அவள் கற்கவேண்டுவதில்லை. தன்னைக் கட்டுப்படுத்துவது எச்சட்டம், அதில் எப்பிரிவு, அப்பிரிவு இன்றும் அவ்வாறே நிலைபெறுகின்றதா என்னும் மூன்றையும் அறிந்தாளாயின், ஊரார் இருவரின் உறுதிமொழிகளுக்கிடையே அலையாது மாவட்ட நீதிமன்றத்தின் வாயிலை நேரே அணுகுவாள். யாவரும் சட்டம் அறிவர் எனக் கொள்ளும் நாட்டில், அதனை அறியும் வழியைத் தானும் யாவரும் அறிந்திருத்தல் முறையாம்.